மன்ஸ்டர் முன்னாள் வீரர்கள்: அயர்லாந்து ஆட்டக் கணக்கை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டுமா?

லிமரிக்வாசி:

அயர்லாந்தின் தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ரக்பி அணியில் பெரிய முன்னாள் வீரர்கள் யார் என்று எங்கே தேடினாலும் ஒரே வரிசைதான் வருகிறது. அயர்லாந்துக்கு அதிக ஆட்டம் ஆடியவர் மேலே, குறைவாக ஆடியவர் கீழே. ரோனன் ஓகாரா 128, பால் ஓகானல் 108, ஜான் ஹேஸ் 105 என்று போகும். மூவருமே என் மனதுக்கு நெருக்கமானவர்கள்தான். ஆனால் அது அயர்லாந்து அணிக்கான பட்டியல். கார்க், கெர்ரி, கிளேர், லிமரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் ஆகிய ஆறு மாவட்டங்களும் சேர்ந்து தங்கள் அணி என்று கொண்டாடும் மன்ஸ்டருக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

என் வாதம் இதுதான்: அந்தச் சிவப்புச் சட்டையில் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலிடம் ஆந்தனி ஃபோலிக்கு.

நம்பர் 8 ஆட்டக்காரர், அதாவது இரு அணியினரும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் கடைசியில் நிற்பவர். கிளேர் மாவட்டம் கில்லலூவில் வளர்ந்தவர். ஷானன் கிளப் 1995 முதல் 1998 வரை தொடர்ந்து நான்கு முறை அயர்லாந்து லீக்கை வென்றபோது அதன் தூண்களில் ஒருவர். மன்ஸ்டருக்கு 200 ஆட்டங்களுக்கு மேல். 2000லும் 2002லும் ஐரோப்பிய அணிகளுக்கான ஹைனகன் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்ற அணியில் இருந்தார். 2006ல் கார்டிஃபில் பியாரிட்ஸை 23-19 என்று வென்றபோது கோப்பையைத் தூக்கிய தலைவர் அவர்தான். ஓடி அசத்தும் வேகம் அவரிடம் கிடையாது. பந்து எங்கே வரும் என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிடும், அங்கே போய் நின்றிருப்பார். அயர்லாந்துக்கு 62 ஆட்டம். கணக்கு வரிசையில் எங்கோ நடுவில் போய்விடுவார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் தேர்வையும் காரணத்தையும் எழுதுங்கள்.

கார்க்கரை:

நண்பரே, ஃபோலி மேல் உங்களுக்குள்ள மதிப்பு புரிகிறது. ஆனால் உங்கள் அளவுகோலிலேயே முதலில் வருவது ஓகாராதான். மன்ஸ்டருக்கு 240 ஆட்டம், 2600க்கும் மேல் புள்ளிகள். ஹைனகன் கோப்பையில் மட்டும் 1300க்கும் மேல். இதில் அயர்லாந்துக் கணக்கு ஒரு புள்ளிகூடச் சேரவில்லை.

எண்களை விடுங்கள். 2000 மே மாதம் ட்விக்கன்ஹாமில் நார்தாம்ப்டனிடம் 9-8 என்று தோற்றோம். ஒரே ஒரு பெனால்டி உள்ளே போயிருந்தாலும் கோப்பை நமக்கு. கடைசி நேரத்தில் அவர் அடித்ததும் தப்பியது. அப்போது அவருக்கு வயது 23. அந்த வயதில் அப்படி ஒரு நாளைப் பார்த்தவர் மறுபடி பந்தை மண்ணில் வைக்கவே பயப்படுவார். இவர் அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அதே வேலையைச் செய்தார்.

2003 ஜனவரியில் க்ளோஸ்டருக்கு எதிரான ஆட்டம் நினைவிருக்கிறதா? காலிறுதிக்குப் போக நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அடிக்க வேண்டும், 27 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கவும் வேண்டும். ஜான் கெல்லி நான்காவது ட்ரையைப் போட்டார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் உதையான கன்வெர்ஷனை ஓரத்துக்குப் பக்கத்திலிருந்து ஓகாரா அடித்தார். 33-6. சரியாக 27.

2011 நவம்பரில் நார்தாம்ப்டனுக்கு எதிராக முழு நேரமும் தாண்டி 41 கட்டங்கள் பந்தை விடாமல் வைத்திருந்து, கடைசியில் அவர் போட்ட டிராப் கோலால் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 23-21. பத்து வருடங்களுக்கு மேல் ஒரு மாகாணமே ஒரு மனிதனின் வலது காலை நம்பித் தூங்கியது. இதைவிட என்ன வேண்டும்?

லிமரிக்வாசி:

41 கட்டங்கள் என்றீர்களே, அந்த நாற்பத்தொன்றிலும் பந்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் விழுந்து எழுந்தவர்கள் முன்வரிசைக்காரர்கள். ஓகாராவின் உதை அந்த உழைப்பின் முடிவு. உதையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடைசியாகத் தொட்டவருக்கே முழுப் பெயரும் போகிறது என்பதுதான் என் குறை.

கொழும்பு15:

வணக்கம் எல்லாருக்கும். நான் கொழும்பில இருந்து எழுதுறன். இஞ்ச பாடசாலை றக்பிக்கு இருக்கிற மவுசு உங்களுக்குத் தெரியும், அதால இந்த இழையைக் கண்டதும் விட மனம் வரேல்ல.

நீங்கள் ரெண்டு பேரும் 2000க்குப் பிறகு நிக்கிறியள். 1978ஐ விட்டுட்டு மன்ஸ்டரைக் கதைக்க ஏலாது. 1978 அக்டோபர் 31, லிமரிக் தோமண்ட் பார்க். நியூசிலாந்து ஓல் பிளாக்ஸ் அந்தச் சுற்றுப்பயணத்தில பதினெட்டு ஆட்டம் ஆடினவை, அயர்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து எண்டு நாலு நாட்டு அணிகளையும் வெண்டவை. தோத்தது ஒரே ஒரு ஆட்டம். அது இது, 12-0. ஒரு புள்ளிகூட எடுக்கேல்ல.

ட்ரை போட்டது கிறிஸ்டி கான்டில்லன். ஜிமி போவன் உடைச்சுக்கொண்டு ஓடி வழி எடுத்துக் குடுத்தவர். மற்றப் புள்ளியெல்லாம் டோனி வார்ட்: ஒரு கன்வெர்ஷன், ரெண்டு டிராப் கோல். தொடக்கத்திலேயே ஷேமஸ் டெனிசன் ஸ்டூ வில்சனைப் போட்டு அடிச்ச டாக்கிள் தான் அந்த ஆட்டத்தின்ர போக்கைச் சொன்னது எண்டு அதில ஆடினவையே சொல்லுவினம்.

லிமரிக்வாசி அண்ணை, உங்கட வாதத்துக்கு வலுச் சேர்க்கிற ஆள் கான்டில்லன். அயர்லாந்துக்கு ஒரு ஆட்டமும் ஆடினதில்லை. ஆனால் ஓல் பிளாக்ஸை வெண்ட நாளில ஒரே ட்ரை அவரின்ர. கணக்கு வரிசையில அவருக்கு இடமே இல்லை. இது நியாயமோ?

முன்வரிசை:

கொழும்பு நண்பர் சொன்ன ஆட்டத்தில் இன்னொரு பெயர் கால்ம் டக்கர், ஷானன் கிளப்பின் பிளாங்கர் (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவர்). அயர்லாந்துக்கு மூன்றே ஆட்டம். ஆனால் 1980ல் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணியான லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா போய் இரண்டு டெஸ்ட் ஆடினார். தேர்வாளர்களின் கணக்கு எவ்வளவு தூரம் கோணலாக இருக்க முடியும் என்பதற்கு இவர் ஒருவரே போதும்.

அணித்தலைவர் டோனல் கானிஃப், ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப். அந்த வெற்றி நாளிலேயே அவருடைய அப்பா இறந்துபோனார். ஆட்டம் முடிந்த பிறகுதான் மகனுக்குச் செய்தி வந்தது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் கார்க்குக்குக் கிளம்பிப் போனார்.

ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் முட்டும் ப்ராப் ஜெரி மெக்லாஃக்லின் பிற்காலத்தில் லிமரிக் மேயர் ஆனார். ப்ராப்புகளுக்குப் பின்னால் நின்று தள்ளும் லாக் இடத்தில் மாஸ் கீன், கெர்ரிக்காரர். அந்தக் காலத்தில் கேலிக் கால்பந்து ஆடுபவர் ரக்பி ஆடினால் தடை உண்டு. அதனால் கல்லூரி நாட்களில் வேறு பெயரில் ரக்பி ஆடினார். 1971ல் தடை நீங்கியது. பிறகு அயர்லாந்துக்கு 51 ஆட்டம். அவரோடு லாக் இடத்தில் ஆடியவர் பிரெண்டன் ஃபோலி. ஆந்தனி ஃபோலியின் அப்பா.

லிமரிக்வாசி:

நன்றி முன்வரிசை, அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன். ஆந்தனி பிறந்தது 1973 அக்டோபர் 30. அப்பா ஆல் பிளாக்ஸை வென்ற நாளுக்கு முந்தின நாள் மகனுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. பிரெண்டனின் மகள் ரோசியும் அயர்லாந்து பெண்கள் அணிக்கு ஆடியவர். ஒரே ஊரான கில்லலூவிலிருந்து கீத் வுட்டும் வந்தார். உலகின் சிறந்த வீரர் விருதை 2001ல் முதன்முதலாகப் பெற்றவர் அவர், ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலால் இழுக்கும் ஹூக்கர். அவருடைய அப்பா கோர்டன் வுட் 1959 லயன்ஸ் அணியில் ப்ராப். ஒரு சின்ன ஆற்றங்கரை ஊர், இரண்டு வீடு, அப்பாவும் பிள்ளையுமாக நாலு பெரிய ஆட்டக்காரர்கள்.

ஆனால் வுட்டை மன்ஸ்டர் வரிசையில் நான் கொஞ்சம் கீழேதான் வைப்பேன். அவருடைய சிறந்த ஆண்டுகளில் பெரும்பகுதி லண்டனில் ஹார்லிகின்ஸுக்குப் போனது. 1999-2000 பருவத்துக்குத் திரும்பி வந்து முதல் இறுதிப் போட்டிக்கு அணியைத் தூக்கிக்கொண்டு போனதில் அவர் பங்கு பெரிது, மறுக்கவில்லை.

புதுரசிகை:

2023 உலகக் கோப்பைக்குப் பிறகுதான் ரக்பி பார்க்க ஆரம்பித்தேன், கோயம்புத்தூரிலிருந்து. ஒரு சந்தேகம். ஃபோலி இறந்துபோனார் என்று எங்கோ படித்தேன். என்ன நடந்தது? இன்னொன்று, பெண்கள் ஆட்டத்தில் மன்ஸ்டரிலிருந்து யாருமே இல்லையா? இதுவரை ஒரு வரியில் ரோசி ஃபோலி பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது.

லிமரிக்வாசி:

வாங்கம்மா.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஃபோலி பயிற்சியாளரானார். 2014ல் மன்ஸ்டரின் தலைமைப் பயிற்சியாளர். அந்த இரண்டு பருவமும் அணி தடுமாறியது, அவரை நோக்கி வந்த விமர்சனமும் கடுமை. 2016ல் ரேசி எராஸ்மஸ் ரக்பி இயக்குநராக மேலே வந்தபோது, பதவி குறைந்தாலும் ஃபோலி கூடவே இருந்து வேலை செய்தார். அந்த அக்டோபர் 16ந் தேதி ரேசிங் 92 அணியோடு ஆடப் பாரிஸ் போயிருந்தார்கள். ஆட்டத்தன்று காலை விடுதி அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயத் துடிப்புக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. வயது 42.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22, கிளாஸ்கோவோடு தோமண்ட் பார்க்கில் ஆட்டம். முந்தின நாள்தான் அடக்கம் நடந்திருந்தது. அன்று நம்பர் 8 சட்டையை யாரும் போடவில்லை. சி. ஜே. ஸ்டாண்டர் 24 என்ற எண்ணோடு ஆடினார். முதல் பாதியிலேயே கீத் அர்ல்ஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு 38-17 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அணி வட்டமாக நின்று பாடியபோது ஃபோலியின் மகன்கள் இருவரும் நடுவில் நின்றார்கள்.

ஒரு வீரனின் இடம் என்ன என்று கேட்டால் நான் இந்த ஆட்டத்தைக் காட்டுவேன். பயிற்சியாளராக அவரைக் குறை சொன்ன அதே ஊர்தான் அன்று அரங்கம் முழுக்க வந்து நின்றது.

நயாம்_ரசிகன்:

பெண்கள் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நயாம் பிரிக்ஸ். வாட்டர்ஃபோர்ட் மாவட்டம், கடைசிக் காவலில் நிற்கும் ஃபுல்பேக், மன்ஸ்டர். 2013ல் அயர்லாந்து பெண்கள் முதன்முறையாகக் கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டத்தையும் வெல்வது) அடித்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு பிரான்ஸில் நடந்த உலகக் கோப்பையில் நியூசிலாந்தை 17-14 என்று அயர்லாந்து வென்றது. வெற்றிக்கான புள்ளி பிரிக்ஸின் காலிலிருந்து வந்தது. ஆண்கள் அயர்லாந்து அணி ஆல் பிளாக்ஸை முதன்முதலில் வென்றது 2016 நவம்பரில். பெண்கள் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

ஜான் ஹேஸின் மனைவி ஃபியோனா ஸ்டீடும் அயர்லாந்துக்காக நீண்ட காலம் ஆடியவர். இவர்களை “யாரோ ஒருவரின் மனைவி, தங்கை” என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே பிரிக்ஸை முதலில் சொன்னேன்.

கார்க்கரை:

ஹேஸ் பெயர் வந்ததால் ஒன்று. எனக்கு ஓகாராதான் முதல். ஆனால் ஹேஸை இரண்டாவதாக வைத்தால் சண்டை போட மாட்டேன். 2000 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஓகாரா, பீட்டர் ஸ்ட்ரிங்கர், ஹேஸ் மூவருக்கும் ஒரே நாளில் அயர்லாந்து அறிமுகம். தேசிய கீதத்தின்போது மிக் கால்வி ஓகாராவையும் ஸ்ட்ரிங்கரையும் இரண்டு கைக்குள் அணைத்துக்கொண்டு நின்ற படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கால்வி மன்ஸ்டரின் தலைவர், ஸ்ட்ரிங்கருக்கும் ஓகாராவுக்கும் அவர் பெரியண்ணன். கெர்ரி அணியோடு 1986ல் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துப் பதக்கமும் வாங்கியவர். 2000, 2002 இரண்டு இறுதியிலும் தோற்ற தலைவர். கோப்பை அவர் கைக்கு வராமலே போனது.

முன்வரிசை:

ஹேஸ் பற்றி நான் எழுதாமல் யார் எழுதுவது!

லிமரிக் மாவட்டம் கப்பமோர். விவசாயி. பள்ளியில் ரக்பி ஆடி வளர்ந்தவர் அல்ல, பதினெட்டு வயது வாக்கில்தான் ப்ரஃப் கிளப்பில் ஆட வந்தார். பிறகு நியூசிலாந்தின் தென்கோடி இன்வர்கார்கிலில் சில காலம் ஆடிவிட்டு வந்தார். ஆறடி நாலங்குல உயரத்தில் டைட்ஹெட் ப்ராப், அதாவது வலப்பக்க ப்ராப். ஸ்க்ரம்மில் அந்த உயரம் பாரம்தான், எதிராளி கீழே புகுந்துவிடுவான். அவர் ஸ்க்ரம்மில் திணறிய நாட்கள் உண்டு. ஆனால் வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கும் நடுவில் எறியும் லைன்-அவுட்டில் அதே உயரமும் பலமும் வரம். பால் ஓகானல் ஐரோப்பா முழுக்க லைன்-அவுட் பந்தைப் பறித்துக்கொண்டிருந்தார் என்றால் கீழே தூக்கிப் பிடித்தது பெரும்பாலும் இந்த மனிதன். 2010ல் அயர்லாந்துக்கு நூறு ஆட்டம் தொட்ட முதல் ஆள். 2011 டிசம்பர் 26ல் கனாக்ட்டுக்கு எதிராகத் தோமண்ட் பார்க்கில் கடைசி ஆட்டம்.

லிமரிக்வாசி, ஹேஸ் விஷயத்தில் உங்கள் அளவுகோலும் அயர்லாந்துக் கணக்கும் ஒரே விடையைத்தான் தருகின்றன.

இன்னொரு ப்ராப், பீட்டர் க்ளோஹெசி. 2002 ஏப்ரலில் வீட்டுத் தோட்டத்தில் நெருப்பு மூட்டும்போது உடம்பு வெந்துபோனது. கட்டுகளோடு காஸ்த்ரேவுக்கு எதிரான அரையிறுதியில் ஆடினார், அணி ஜெயித்தது. லிமரிக்கில் அவருக்குக் கோயில் கட்டாத குறை.

நயாம்_ரசிகன்:

க்ளோஹெசி 1996ல் பாரிஸில் பிரான்ஸ் வீரர் ஒலிவியே ருமாவின் தலையில் மிதித்ததற்கு 26 வாரம் தடை வாங்கியவர். அதையும் சேர்த்து எழுதுங்கள். துணிச்சலைப் பாராட்டும்போது அந்த மிதியை மறைத்தால் வரலாறு பாதிதான்.

முன்வரிசை:

சேர்த்தே எழுத வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த மிதிக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அந்தத் தடைக்குப் பின் ஆறு வருடம் ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவரை எடைபோடுகிறேன்.

கொழும்பு15:

வெளிநாட்டில இருந்து வந்தவையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. என்ர பக்கத்தில டக் ஹவ்லெட். நியூசிலாந்துக்கு 49 ட்ரை போட்டவர், அந்த நாட்டின்ர சாதனை. 2008 தொடக்கத்தில மன்ஸ்டருக்கு வந்தார். அந்த அளவு பேர் எடுத்தவர் கடைசிக் காலத்தில காசுக்கு வந்து ரெண்டு வருசம் நிண்டுட்டுப் போவார் எண்டுதான் ஆக்கள் நினைக்கிறது. இவர் 2013 வரைக்கும் ஆடினார், கடைசிப் பருவத்தில அணித்தலைவராயும் இருந்தார்.

2008 நவம்பர் 18, திருப்பிக் கட்டின தோமண்ட் பார்க்கின்ர திறப்பு, ஓல் பிளாக்ஸ் வந்தவை. ஆட்டத்துக்கு முதல் மன்ஸ்டரில இருந்த நாலு நியூசிலாந்துக்காரர், ஹவ்லெட், ருவா டிப்போகி, லிஃபெய்மி மாஃபி, ஜெரமி மானிங், முன்னுக்கு வந்து தங்கட சொந்த நாட்டு அணியைப் பாத்தே ஹாகா எண்ட போர் நடனம் ஆடினவை. கடைசி நிமிசங்களில ரொக்கோகோகோ ட்ரை போட்டு 18-16. தோல்விதான், ஆனால் முக்கால்வாசி உலகக்கிண்ண வீரர்கள் இல்லாத மன்ஸ்டர் அண்டைக்கு ஆடின ஆட்டத்தை நான் எத்தினை தரம் பாத்தாலும் நெஞ்சு படபடக்கும்.

லிமரிக்வாசி:

ஹவ்லெட்டுக்கு என் ஓட்டும் உண்டு. கிறிஸ்டியன் கல்லன் அதே அளவு பெயரோடு 2003ல் வந்தார், காயங்கள் அவரை ஆடவே விடவில்லை. அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஜிம் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து கால்விக்குப் பிறகு தலைவரானார். ஜான் லாங்ஃபோர்ட் இரண்டு பருவம்தான், ஆனால் லைன்-அவுட்டை எப்படித் தொழிலாகச் செய்ய வேண்டும் என்று இளைஞர்களுக்குக் காட்டியவர் அவர். ஸ்டாண்டர் 2012ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, அயர்லாந்துக்கு ஆடி, லயன்ஸ் வரை போய், 2021ல் முப்பத்தொன்று வயதில் தானாகவே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

புதுரசிகை:

இவ்வளவு பெயர்களுக்கு நடுவில், பார்க்க வேண்டும் என்றால் எந்த ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம்? 1978 கிடைக்குமா?

கார்க்கரை:

1978 ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பாகவில்லை, துண்டுத் துண்டாகத்தான் கிடைக்கும். 2006 இறுதியில் ஆரம்பியுங்கள். ஸ்க்ரம்மின் குறுகிய பக்கத்தில் காவல் இல்லை என்று பார்த்து ஸ்ட்ரிங்கர் தனியாக ஓடிப் போட்ட ட்ரை அதில் இருக்கிறது. பந்தை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டார் என்று எதிரணி நம்பியிருந்த ஆள். நடுவில் அரங்கின் பெரிய திரையில் லிமரிக் ஓகானல் தெருவில் கூடியிருந்த கூட்டத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்த வீரர்களின் முகத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது 2008, துலூஸ், 16-13. டெனிஸ் லீமி ட்ரை. ஆட்ட நாயகன் ஆலன் குவின்லன். இருவரும் டிப்பரரிக்காரர்கள்.

முன்வரிசை:

2008ன் கடைசி நிமிடங்களைத் தள்ளிவிடாமல் பாருங்கள் தங்கச்சி. மூன்று புள்ளி முன்னணி. முன்வரிசைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பந்தை எடுத்து ஒரு அடி போய் விழுவார்கள், அடுத்தவர் எடுப்பார். எட்டிப் பார்த்தால் சலிப்பாகத் தெரியும். ஐரோப்பாவின் மிகத் திறமையான பின்வரிசைக்குப் பந்தே தராமல் கோப்பையை எடுத்துக்கொண்ட விதம் அது.

நயாம்_ரசிகன்:

லிமரிக்வாசி, உங்கள் அளவுகோலுக்கு ஒரு கடைசிச் சோதனை. ஸ்டீஃபன் ஆர்ச்சர். மன்ஸ்டருக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற சாதனையை டான்சா ஓகாலஹனிடமிருந்து எடுத்துக்கொண்ட டைட்ஹெட் ப்ராப். அயர்லாந்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2025ல் பீட்டர் ஓமஹோனி, கானர் மர்ரே, டேவ் கில்காயின் ஓய்வுபெற்ற அதே சமயத்தில் இவரும் விடைபெற்றார். செய்திகளில் ஓமஹோனிக்கும் மர்ரேவுக்கும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆர்ச்சருக்குச் சில வரிதான். உங்கள் பட்டியலில் இவர் எங்கே? ஓமஹோனிக்கு மேலா?

லிமரிக்வாசி:

ஓமஹோனிக்கு மேலே வைக்க மாட்டேன். பல ஆண்டு தலைவராக இருந்தவர், 2011க்குப் பிறகு கோப்பையே இல்லாமல் கிடந்த அணியை 2023ல் கேப்டவுனில் ஸ்டார்மர்ஸை 19-14 என்று வென்று எழுப்பியவர். ஆனால் மர்ரேவுக்குப் பக்கத்தில் ஆர்ச்சரைத் தயங்காமல் வைப்பேன். கோப்பை வராத அந்தப் பன்னிரண்டு வருடமும், நாட்டு அணிக்காக நட்சத்திரங்கள் கிளம்பிப் போன ஒவ்வொரு பிப்ரவரியிலும், மழையில் பாதி காலியான அரங்கில் ஸ்க்ரம்மில் தலையைக் கொடுத்தவர் அவர். கேப்டவுன் இறுதியிலும் 3ஆம் எண் சட்டையோடு தொடக்கத்திலிருந்து ஆடினார். கான்டில்லன், டக்கர், கால்வி, ஆர்ச்சர் நால்வரும் இல்லாத எந்தப் பட்டியலையும் மன்ஸ்டர் பட்டியல் என்று நான் ஏற்க மாட்டேன்.

கார்க்கரை:

நால்வருக்கும் சரி. முதலிடம் மட்டும் இன்னும் ஓகாராவுக்குத்தான். பிரான்ஸின் லா ரோஷெல் அணிப் பயிற்சியாளராக 2022லும் 2023லும் அயர்லாந்தின் இன்னொரு மாகாண அணியான லைன்ஸ்டரைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை வாங்கிய கதையை நாளை எழுதுகிறேன், அந்த அணி பந்தை வைத்திருந்த விதத்தில் மன்ஸ்டர் எவ்வளவு இருந்தது என்று முன்வரிசையே வந்து சொல்லட்டும்.